அக்காவுக்குப் புரிந்தால் சரி

கஞ்சி போட்டு விறைப்பாக்கிய பாவாடை மழையில் நனைந்தால் ஒரு வாசம் விடும். சோற்றுப் பானையைத் திறந்தாற்போன்ற அந்த வாசமும், குடைத்துணியின் ஈர நெடியும், தலையில் வழிய வழிய வைத்த தேங்காயெண்ணெயின் மணமும் சேர்ந்து என் இடுப்பு உயரத்தில் கூடவே நடந்து வந்த ஒரு ஜூன் மாதக் காலைதான் என் பள்ளிப் பருவத்தில் இன்றும் கலையாமல் நிற்கிறது. இடுப்பு உயரத்தில் வந்தவள் என் தங்கை காந்திமதி. அவளுக்கு அப்போது ஒன்பது முடிந்து பத்து நடந்துகொண்டிருந்தது, எனக்குப் பதினான்கு. என்னுடைய பழைய சீருடைப் பாவாடையை அம்மா மடித்து மடித்து உள்ளே வைத்துத் தைத்து, அப்படியும் நிற்காமல் இடுப்பில் ஊக்கு குத்தி அவளுக்கு உடுத்திவிட்டிருந்தாள். நடக்கும்போது அது காகிதம்போலச் சரசரத்தது. நாங்கள் இருவரும் ஒரே வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு.

அப்பாவுக்குச் சாலைக் கம்போளம் என்ற சந்தையில் ஒரு சின்ன இரும்புச் சாமான் கடை. பூட்டு, கீல், கொண்டி, கிணற்றுக் கப்பி, சங்கிலி எல்லாம் கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருக்க, நடுவில் அப்பா உட்கார்ந்திருப்பார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் வேர்விட்ட குடும்பம் என்பதால் வீட்டுப் பேச்சில் தமிழ் எங்கே முடிகிறது, மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று எங்களுக்கே தெரியாது. மழை விட்டதா என்று கேட்க அம்மா "மழை தோந்துட்டா பாரு" என்பாள். போதும் என்பதற்கு அப்பா "மதி மதி" என்பார். அட்டக்குளங்கரையில் இருந்த எங்கள் வீட்டில் படிப்பு என்பது கடைக்குட்டி வரை எல்லோரும் எப்படியோ தாண்டிவிட வேண்டிய ஓர் ஓடை, அவ்வளவுதான். அதில் ஒருத்தி நீந்துவாள் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

நினைக்காதது மட்டுமில்லை, அவளை "மந்தம்" என்றே நம்பியிருந்தோம். நான்காம் வகுப்பில் அவளிடம் ஏதாவது கேட்டால் ஜன்னலுக்கு வெளியே ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாளாம். பதில் வருவதற்குள் டீச்சர் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். கடைசி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லியனுப்பினார்கள். காது டாக்டர் நன்றாகப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். "காது கேக்குது. மனசுதான் கேக்கமாட்டேங்கு" என்று அப்பா சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. நாங்கள் பாப்பா என்று கூப்பிட்ட காந்திமதி அந்த வருஷம் வீட்டிலும் பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்தாள். என்னோடு மட்டும்தான் பேசினாள்.

அப்படிப் பேசியதில்தான் விஷயம் வெளியே வந்தது. சின்னப் பிள்ளைகளின் பள்ளியும் எங்கள் உயர்நிலைப் பள்ளியும் ஒரே மதிலுக்குள் இருந்தன. அவளுக்கு முன்னதாகவே விட்டுவிடும். எனக்காக எங்கள் வராந்தாவில் காத்திருப்பாள். ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொள்ள, நான் வீட்டுப்பாடத்தை அங்கேயே விரித்து உட்கார்ந்து, இரண்டு எண்களைக் கூட்டி வர்க்கம் எடுப்பதை வழக்கம்போலத் தப்பாகப் போட்டேன். தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டிவிட்டால் முடிந்தது என்பது அந்த வகுப்பில் எல்லோருடைய நம்பிக்கையும். பாப்பா எட்டிப் பார்த்துவிட்டு வராந்தாவின் சதுரச் சதுரமான தரையோடுகளில் விரலால் ஒரு பெரிய சதுரம் வரைந்தாள்.

"இது பெரிய சதுரம். இந்த மூலையில ஒரு சின்னச் சதுரம், எதிர் மூலையில ஒரு சின்னச் சதுரம். அதைத்தான் நீ எழுதியிருக்கே. மிச்சம் ரெண்டு நீட்டத் துண்டு கெடக்குல்லா அக்கா? அதை ஏன் விட்டுட்டே?"

எனக்குச் சட்டென்று புரிந்தது. ஒரு வருஷமாகக் கரும்பலகையில் பார்த்தும் புரியாதது, ஈரத் தரையில் ஒரு விரல் போன பாதையில் புரிந்தது. பின்னால் யாரோ அசைந்தார்கள். மழைக்கு ஒதுங்கி நின்றிருந்த எங்கள் கணக்கு டீச்சர், லீலா டீச்சர்.

"இது ஆரு படிப்பிச்சதாணு மோளே?" என்று கேட்டார், யார் சொல்லிக் கொடுத்தது என்று.

"ஆரும் இல்ல டீச்சர்" என்றாள் பாப்பா, தரையைக் காட்டி. "இங்க கெடந்துது."

அதன் பிறகு லீலா டீச்சர் பல நாள் அவளோடு வராந்தாவில் உட்கார்ந்தார். பெரிய டீச்சரிடம் போய் வாதாடினார். எங்கள் வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பேசினார். "பிள்ளை சோறே திங்கமாட்டேங்கு, அதுக்குப் பெரிய கிளாஸ் எதுக்கு டீச்சர்?" என்ற அம்மாவுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில், கல்வி அலுவலகத்திலிருந்து முறையான அனுமதி வரும்வரை அவள் அக்காவோடு ஒன்பதாம் வகுப்பில் சும்மா உட்காரலாம் என்று முடிவாயிற்று. வருகைப் பதிவில் அவள் பெயர் கிடையாது. தினமும் கடைசிப் பெயரைக் கூப்பிட்டு முடித்த பின் லீலா டீச்சர் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைப்பார், இவளும் எழுந்து நின்று தலையசைத்துவிட்டு உட்காருவாள். எங்கள் வகுப்பில் அவளுடைய ஆஜர் அப்படித்தான் நடந்தது.

பெஞ்சில் உட்கார்ந்தால் அவளுக்குக் கால் தரையில் எட்டாது என்பதால் காலி சாக்குக்கட்டிப் பெட்டி ஒன்றைக் காலுக்கடியில் வைத்தோம். காந்திமதி என்ற பெயரைக் குறுக்கிப் பிள்ளைகள் அவளைக் "காந்திஜி" என்றார்கள். ஆளாளுக்கு அவள் தலையைப் பின்னிவிடப் போட்டி போட்டார்கள், இடைவேளைக்கு வெளியே போகும்போது வலதுபுறம் ஒருத்தி இடதுபுறம் ஒருத்தி காவல் போனார்கள். அவளோ மணி அடித்ததும் காவலை உதறிவிட்டுச் சின்னப் பள்ளி முற்றத்துக்கு ஓடி, தன் பழைய தோழிகளோடு பாண்டி ஆடுவாள். ஒற்றைக் காலில் நிற்கத் தெரியாமல் எப்போதும் தோற்பாள். தோற்றுவிட்டு மூக்கு ஒழுக அழுதபடி ஜியாமெட்ரி வகுப்புக்குள் வந்து உட்கார்ந்து, கண்ணீர் காய்வதற்குள் கையைத் தூக்கிவிடுவாள்.

சரித்திரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் எழுந்து நின்று உள்ளங்கையில் எதையோ மறைத்தாள். மேற்பார்வைக்கு வந்திருந்த டீச்சர் துண்டுக்காகிதம் என்று நினைத்துப் பாய்ந்து வந்து கையைப் பிரித்தால், உள்ளே ஒரு பால்பல். ரத்தத்துக்காக அவள் அழவில்லை. பல்லைக் கூரைமேல் எறிய வேண்டும், பள்ளிக்கூடக் கூரையில் எறிந்தால் செல்லுமா, வீட்டுக் கூரைதான் வேண்டுமா என்று தெரியாமல் அழுதாள்.

கடையில் வேறு கூத்து. செய்தி கம்போளம் முழுக்கப் பரவி, பூட்டு வாங்க வருகிறவர்களெல்லாம் "இதானா அந்தக் குட்டி?" என்று கேட்டு ஏதாவது இரண்டு எண்களைப் பெருக்கச் சொல்வார்கள். அப்பா பெருமையோடு, "பாப்பா, இவுக கேக்காகல்லா, சொல்லு" என்பார். பாப்பாவுக்கு வாய்ப்பாடு சுத்தமாக வராது. ஏதோ ஒன்றைச் சொல்வாள், தப்பாக இருக்கும். வந்தவர் சிரித்துக்கொண்டே போவார். அப்பாவின் முகம் சுருங்கும்.

"என்னட்டி, கணக்குப் புலின்னு சொல்லுதாங்க, இது தெரியாண்டாமா?"

"அது பெருக்குறதுப்பா. கணக்கு இல்ல" என்பாள் அவள். வீட்டுக்கு வந்ததும் அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள். தப்பாகச் சொன்னதற்கு எதற்குத் திருஷ்டி என்று அப்பா முணுமுணுப்பார்.

மழை ஓய்ந்து முற்றம் காய்ந்திருந்த ஒரு நாள் அது. முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்பதை லீலா டீச்சர் இணைகோடு போட்டு நிரூபித்துக்கொண்டிருந்தார். நாங்கள் புரிந்த முகத்தோடு எழுதிக்கொண்டிருந்தோம். பாப்பா கையைத் தூக்கி, "டீச்சர், இதை நடந்து பாத்தாப் போதுமே" என்றாள். டீச்சர் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். "வா, நடப்போம்" என்றார்.

வகுப்பு முழுக்க முற்றத்துக்கு இறங்கியது. விளையாட்டுப் போட்டிக்கு வாங்கி மீதமிருந்த சுண்ணாம்புத் தூளால் பாப்பா ஒரு கோணல்மாணலான முக்கோணம் போட்டாள். என்னை ஒரு மூலையில், பள்ளியின் கேட்டைப் பார்த்து நிறுத்தினாள்.

"கோட்டு மேலயே நட. மூலை வந்தா அடுத்த கோட்டுக்குத் திரும்பு. மறுபடி இங்க வந்து, தொடங்கினாப்புல நில்லு."

நடந்தேன். திரும்பினேன், நடந்தேன், திரும்பினேன். புறப்பட்ட மூலைக்கு வந்து கடைசியாக ஒருமுறை திரும்பி நின்றேன்.

"இப்போ எங்க பாக்கே?"

"கேட்டை."

"மொதல்ல?"

"கேட்டைத்தான்."

"அப்போ நடுவுல எத்தனை சுத்து சுத்தினே?"

"ஒண்ணு" என்றேன். சொல்லும்போதே பிடிபட்டது. மூன்று மூலையிலும் நான் திரும்பிய திருப்பமெல்லாம் சேர்ந்து ஒரு முழுச் சுற்று. ஒவ்வொரு மூலையிலும் திரும்பியதும் உள்ளே இருக்கும் கோணமும் சேர்ந்தால் ஒரு நேர்கோடு, அதாவது இரண்டு செங்கோணம். மூன்று நேர்கோட்டின் ஆறு செங்கோணத்திலிருந்து ஒரு முழுச் சுற்றின் நான்கை எடுத்தால் மிச்சம் இரண்டு செங்கோணம். வேறெதுவும் வேண்டியதில்லை. அவள் அதோடு நிற்கவில்லை. நான்கு மூலை, ஐந்து மூலை, எண்ண முடியாத மூலை என்று சுண்ணாம்பால் இழுத்துக்கொண்டே போனாள். பிள்ளைகள் வரிசையாக நடந்து சுற்றி வந்தார்கள். "மூலை எத்தனை இருந்தாலும் சுத்து ஒண்ணுதான்" என்று கத்திக்கொண்டே அவளும் கூட ஓடினாள். லீலா டீச்சரும் சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு நடந்தார். ஐந்து வருஷமாக நான் ஓடி விளையாடிய அதே முற்றம். இப்படியொன்று இத்தனை நாளும் காலடியில் இருந்திருக்கிறது என்ற நினைப்பில், அன்று வீடு போகும்போது தரையில் கால் வைக்கவே கூச்சமாக இருந்தது.

உனக்குப் பொறாமையாக இல்லையா என்று பிற்காலத்தில் பலர் கேட்டிருக்கிறார்கள். பொறாமைக்கு இடமே இருக்கவில்லை. அவளுக்குத் தோன்றுவது எல்லாம் முதலில் என்னிடம்தான் வரும். நான் புரியவில்லை என்றால் வேறு விதமாகச் சொல்வாள், மறுபடியும் வேறு விதமாகச் சொல்வாள். எனக்குப் புரிந்து முகம் மாறிய பிறகுதான் அதை விடுவாள். அவள் யோசனைகளுக்கு நான் ஒரு வாசல்போல இருந்தேன்.

ஓண விடுமுறை கழிந்து கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவர் சரியென்றால் அவள் பெயர் வகுப்பில் ஏறும். இல்லையென்றால் மறுநாளே ஐந்தாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பென்றால் மறுபடியும் கடைசி பெஞ்சு, மறுபடியும் ஜன்னல். அப்பா தேய்த்த சட்டை போட்டுக் கடையைப் பூட்டிவிட்டு அம்மாவோடு வந்தார். பாப்பா என் கையை விடாததால் நானும் பெரிய டீச்சரின் அறைக்குள் போய் அலமாரியை ஒட்டி நின்றேன்.

அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் அவர் கேட்டதெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் கேட்டதே: பெருக்கு, வகு, வாய்ப்பாடு சொல். ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. அவர் லீலா டீச்சரைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்து மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார், குழந்தையை இப்படிக் காட்சிப்பொருள் ஆக்காதீர்கள், அவள் வயதுப் பிள்ளைகளோடு இருக்கவிடுங்கள் என்று. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவின் கை என் தோளை இறுகப் பிடித்தது.

"ஸார், வேறு மாதிரி ஏதாவது கேளுங்கள்" என்றார் லீலா டீச்சர்.

அதிகாரி குடையைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். போகிற போக்கில் ஒரு சுலபமான கேள்வி கேட்டார். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் எவ்வளவு?

எங்களுக்கெல்லாம் உயிர் வந்தது. முற்றத்தில் கத்திக்கொண்டு ஓடியவளாயிற்றே! ஆனால் பாப்பா ஜன்னலுக்கு வெளியே ஓரிடத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "சொல்லுட்டி" என்று அப்பா வாய்க்குள் சொன்னது எனக்குக் கேட்டது. பெரிய டீச்சர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்தார்.

"எங்க வரைஞ்ச முக்கோணம் ஸார்?" என்றாள் பாப்பா.

அதிகாரி சிரித்தார். "எவிட வரைச்சாலென்தா?" எங்கே வரைந்தால் என்ன?

அவள் என் பக்கம் வந்து, அலமாரி மேல் இருந்த பூகோள உருண்டையைக் காட்டினாள். எடுத்து மேசையில் வைத்தேன். அதன் உச்சியில் விரலை வைத்து, நேரே கீழே நடுக்கோடான பூமத்திய ரேகை வரை இறக்கினாள். அங்கே திரும்பி நடுக்கோட்டிலேயே கொஞ்ச தூரம் இழுத்தாள். மறுபடி திரும்பி உச்சிக்கே ஏறினாள்.

"கீழ ரெண்டு மூலையும் நேரா நிக்கி. ரெண்டு செங்கோணம் அதுலயே தீந்துபோச்சு. அப்போ மேல இருக்க மூலையை என்ன செய்ய ஸார்?"

வெளியே சின்னப் பிள்ளைகள் பாட்டுப் பாடும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதிகாரி குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். உருண்டையைத் தன் பக்கம் திருப்பி, அவள் போன வழியிலேயே தன் பெரிய விரலைக் கொண்டுபோனார். உச்சிக்கு வந்ததும் விரலை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

"தரையில போட்டா ரெண்டு செங்கோணம். அது சரிதான்" என்றாள் அவள், அவருக்கு ஆறுதல் சொல்கிறவள்போல. "ஆனா பூமி முழுக்கத் தரை இல்லையே."

"இதை யார் உனக்குச் சொன்னது?" என்று அதிகாரி லீலா டீச்சரைப் பார்த்தபடி கேட்டார். டீச்சர் தலையாட்டி மறுத்தார். அவர் கண் நிறைந்திருந்தது.

"ஆரும் சொல்லல்லை. போன வாரம் ஒரு கம்பிளிநாரங்காப் பழம் உருண்டையா இருந்துது, அது மேல வரைஞ்சு அக்காகிட்ட சொன்னேன். அக்காவுக்குப் புரிஞ்சுது. அதான் சரின்னு நெனச்சேன்."

அறையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் அத்தனை மரியாதையோடு என்னை யாரும் பார்த்ததில்லை.

அனுமதி வந்தது. புறப்படும்போது அந்த அதிகாரி அம்மாவிடம் கைகூப்பி, இனி இவளை யாரும் பெருக்கச் சொல்லிக் கேட்கவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா கடையில் அதை ஒரு சட்டமாகவே ஆக்கினார். யாராவது வாயைத் திறந்தால், "மதி மதி, பூட்டுதானே வேணும்? பூட்டைப் பாருங்க" என்பார்.

அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு. பரீட்சைக்குப் படிக்க விட்டிருந்த விடுமுறையில் ஒரு மத்தியானம், புழக்கடைப் படியில் உட்கார்ந்து அவள் எனக்கு ஏதோ சொல்லத் தொடங்கினாள். முதல் வாக்கியம் புரிந்தது. இரண்டாவதில் பாதி. வேறு விதமாகச் சொன்னாள். இன்னொரு விதமாகவும் சொன்னாள். நான் பழக்கத்தில், புரியாமலே தலையாட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துவிட்டு, "வேண்டாம்க்கா. பாண்டி ஆடலாம் வா" என்றாள். அவளுக்குப் பதினொரு வயது. வெயில் சாயும்வரை ஆடினோம். நான் எதுவும் கேட்கவில்லை, அவளும் அதை மறுபடி எடுக்கவில்லை.

பத்தாம் வகுப்பை இருவரும் சேர்ந்தே தாண்டினோம். பிறகு அவளுக்கேற்ற படிப்பு வேறு ஊரில்தான் என்றாயிற்று. அம்மா அவளோடு போனாள். அப்பாவும் நானும் சமைக்கக் கற்றுக்கொண்டோம், மோசமாக. அங்கிருந்து இன்னொரு ஊர், பிறகு கடல் தாண்டி. நான் வணிகவியல் படித்து இந்த ஊரிலேயே ஓர் அலுவலகத்தில் கூட்டிக் கழிக்கிற வேலையில் அமர்ந்தேன். தொலைபேசியில் வாரம் தவறாமல் பேசினோம்: அவள் வீட்டுப் பனி, என் முழங்கால் வலி, அம்மாவின் மருந்து. அவள் யோசிப்பதைப் பற்றி மட்டும் ஒரு சொல் வராது.

இன்று அந்தப் பள்ளி முற்றத்தில் சிமென்ட் கற்கள் பதித்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் பள்ளி, சேர ஆளில்லாமல் மூடிக் கிடக்கிறது. அப்பா இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் உறைகள் தொங்குகின்றன. லீலா டீச்சரும் போய்விட்டார். "மழை தோந்துட்டா" என்று சொல்ல வீட்டில் அம்மா ஒருத்திதான் மிச்சம், என் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே வேடிக்கை.

இந்த வருஷம் காந்திமதி வந்தாள். தலையில் பாதி நரைத்துவிட்டது. ஊரில் ஒரு பெரிய கூடத்தில் அவளைப் பேச அழைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒன்றும் புரியாமல் கேட்டேன். கேள்வி கேட்கிறவர்கள் எழுந்து நிற்கும்போதே குரல் தணிவதைக் கவனித்தேன். மறுநாள் சாயங்காலம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். மொட்டைமாடியில் நாங்கள் இருவர் மட்டும். என்னவோ தோன்றி, "நீ இப்போ என்ன யோசிச்சிட்டு இருக்கே? என்கிட்ட சொல்லேன்" என்றேன்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "உனக்கு…" என்று எதையோ சொல்லத் தொடங்கி நிறுத்தினாள். பிறகு காலை மடித்து உட்கார்ந்து, கைகளைக் காற்றில் விரித்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். எங்கள் பழைய வீட்டுப் பேச்சிலேயே சொன்னாள். கோயில் பக்கம் விளக்குகள் எரியத் தொடங்கின, கீழே பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன, அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் ஒருமுறைகூடப் புரிந்ததுபோலத் தலையாட்டவில்லை. அவளும் நிறுத்தவில்லை.